தேங்காய் நுழையாத வேலி

தேங்காய் சாரைப் போல எரிச்சல் மூட்டுகிற நல்ல மனிதரை, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் இன்னொருத்தரைக் கண்டுபிடிக்க முடியாது. கெட்டவர்கள் எரிச்சல் மூட்டினால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். நல்லவர்கள் மூட்டினால் என்ன செய்வது? உள்ளேயே வைத்துப் புழுங்க வேண்டியதுதான். நான் முழுசாக ஒரு வருஷம் புழுங்கினேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்கள் லே-அவுட்டில் யாருக்கும் அது தெரியாது. சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். தலையில் தொப்பி இல்லாமல் யாராவது மிஷின் பக்கத்தில் நின்றால் விசில் ஊதுகிற வேலை. ரிட்டையர் ஆன பிறகும் அந்த விசில் அவர் கழுத்தை விட்டு இறங்கவில்லை. தொரப்பள்ளி போகிற பக்கத்தில் புதிதாகக் கட்டின பெரிய வீடுகளுக்கு மேற்பார்வை பார்க்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வந்தார். அளவெடுக்கும்போது எண்ணிக்கை கன்னடத்தில் வரும், கோபம் தெலுங்கில் வரும், புத்திமதி மட்டும் தமிழில் வரும். அதனால் புத்திமதி முழுவதும் என் பங்குக்கு வந்து சேர்ந்தது.

நான் ஏழாம் நம்பர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்கிறேன், சமையலும் செய்கிறேன். சொந்த ஊர் நாகரசம்பட்டி. பெயர் ஆரோக்கியம். இதற்கு முன்னால் பதினோரு பிள்ளைகள் என் கையில் வளர்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் முழங்காலிலும் ஒரு தழும்பு காட்ட முடியாது. தியாக்குட்டி பன்னிரண்டாவது. பிறந்த நாலாம் நாளிலிருந்து என் மடி. அவளுடைய அம்மா, எங்கள் மேடம், காலையில் ஆபீசுக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார்கள். யார் விருந்துக்கு வந்தாலும் மேடம் சொல்லுகிற வாசகம் ஒன்று உண்டு: "எங்க ஆரோக்கியம்மா இருக்கறப்ப எங்களுக்கு என்னங்க பயம்?" அதைக் கேட்பதற்காகவே நான் விருந்தாளிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோவதைக் கொஞ்சம் தாமதப்படுத்துவேன்.

அந்த வீட்டின் பின்பக்கம் ஒரு நீச்சல் குளம். நாலு எருமை படுத்தால் நிறைந்துவிடும், அவ்வளவுதான். அதை ஒட்டி ஒரு வெந்நீர்த் தொட்டி. ஸ்பா என்பார்கள். மனிதர்களை வேகவைக்கிற அண்டா என்பேன் நான். இரண்டையும் சுற்றி அழகுக்காகப் பூந்தொட்டி வைத்திருந்தார்களே தவிர, வேறு தடுப்பு கிடையாது. தியா நடக்கப் பழகின நாளிலிருந்து நான்தான் தடுப்பு.

தேங்காய் சார் முதல் நாள் வந்தார். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மேடத்திடம் கேட்டார்.

"மேடம், இதுக்கு வேலி எங்கீங்க?"

"ஆரோக்கியம்மா இருக்காங்களே சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவங்க எத்தனை அடி உயரம்?"

எனக்குச் சுருக்கென்றது. விடுவேனா? முதுகை நிமிர்த்தி, "அஞ்சடிங்க. செருப்பு இல்லாம" என்றேன்.

"உயரம் போதுங்கம்மா. நாலடி இருந்தாலே போதும். ஆனா நீங்க அடுப்படிக்குப் போறப்ப வேலியும் கூடவே அடுப்படிக்குப் போயிருதுங்களே?"

பதில் இல்லாத கேள்வி கேட்கிற ஆளை எப்படிப் பிடிக்கும்? அன்றைக்கே பிடிக்காமல் போயிற்று.

அடுத்த வாரம் வேலி வந்தது. இரும்புக் கம்பி, வெள்ளை வர்ணம், நாலடி உயரம். கம்பிகள் எல்லாம் நெட்டுக்குத்தலாகத்தான் நிற்க வேண்டுமாம். குறுக்குக் கம்பி இருந்தால் பிள்ளை அதில் கால் வைத்து ஏணி ஏறுவது போல ஏறிவிடுமாம். எல்லாம் முடிந்து வெல்டிங்காரர் மூட்டை கட்டுகிற நேரத்தில் இவர் ஒரு மஞ்சப்பையை எடுத்தார். உள்ளேயிருந்து ஒரு தேங்காய் வந்தது. உரித்து, நார் சுத்தமாக எடுத்து, மொட்டையடித்த தலை மாதிரி ஒரு தேங்காய். கண் திருஷ்டிக்கு உடைக்கப் போகிறார் என்று நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

உடைக்கவில்லை. உட்கார்ந்தார். முதல் சந்தில் தேங்காயை வைத்து அழுத்தினார். நுழையவில்லை. "ஒந்து" என்றார். அடுத்த சந்து. "எரடு." இப்படியே குந்தியபடி வேலியைச் சுற்றி வருகிறார், "மூரு, நால்க்கு" என்று.

"என்னாங்க பண்றீங்க?" என்று கேட்டேன்.

"நாலங்குலத்துக்கு மேல சந்து இருந்தா பிள்ளை தலை போயிரும். தலை போனா உடம்பு தானா போயிரும். இந்தத் தேங்கா சரியா நாலங்குலம். இது நுழைஞ்சா பிள்ளை நுழையும்."

கடைசி மூலையில் ஒரு சந்து. வைத்தார். தேங்காய் அவர் கையை விட்டு வழுக்கி, உருண்டு, தொப்பென்று குளத்தில் விழுந்து மிதந்தது. வெல்டிங்காரர் முகம் செத்துவிட்டது. தேங்காய் சார் தெலுங்குக்கு மாறினார். அந்தப் பக்கம் முழுவதையும் பிடுங்கி மறுபடி போட வைத்தார். அன்றிலிருந்துதான் அந்தப் பெயர். உலகத்தில் இருக்கிற எல்லாப் பொருளும் அவருக்கு இரண்டே வகை: தேங்காய் நுழைகிறது, தேங்காய் நுழையாதது.

அதற்கு அடுத்த தேங்காயை அவர் வாங்கின விதத்தையும் சொல்ல வேண்டும். லே-அவுட் வண்டியில் நான் காய்கறி வாங்கப் போன நாள், அவரும் ஏறிக்கொண்டார். மார்க்கெட்டில் தேங்காய்க் குவியல் முன்னால் நின்று, பையிலிருந்து ஒரு இரும்பு வளையத்தை எடுத்து ஒவ்வொரு காயாக மாட்டிப் பார்க்கிறார். கடைக்காரருக்குத் தலை சுற்றிவிட்டது.

"சார், சட்னிக்கா, சாமிக்கா?"

"வேலிக்குப்பா."

"வேலிக்கா?" கடைக்காரர் என்னைப் பார்த்தார். "அம்மா, இவரு உங்க வீட்டுக்காரருங்களா?"

"மாதாவே! இல்லப்பா" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக் கீரைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

வேலியோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். கேட்டு என்று ஒன்று வைத்தார் பாருங்கள். அதற்கு மனிதர்களை விடப் பிடிவாதம். வெளிப்பக்கம் இழுத்தால்தான் திறக்கும். கை விட்டால் தன்னாலே வந்து 'டக்'கென்று சாத்திக்கொள்ளும். தாழ்ப்பாள் உச்சியில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். வெந்நீர்த் தொட்டிக்குப் பூட்டு வைத்த மூடி. வேலியிலிருந்து மூன்றடிக்குள் நாற்காலி, பூந்தொட்டி, வாளி எதுவும் இருக்கக்கூடாது. குளத்தில் பந்து, பொம்மை மிதக்க விடக்கூடாது, பார்த்தால் பிள்ளை ஆசைப்படும். இதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி கேட்டில் மாட்டினார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நான் நின்று இரண்டாவது வரிக்குப் போவதற்குள் கேட்டு வந்து குதிகாலில் இடித்துவிட்டு, 'படிச்சது போதும், போ' என்று சாத்திக்கொண்டது.

குளம் முடிந்ததும் வீட்டுக்குள் வந்தார். குளியலறை வாளியைக் கவிழ்த்து வை என்றார். அரிசி ஊறவைத்த பாத்திரத்தில் அளவு டேப்பை விட்டுப் பார்த்தார். ஒரு நாள் என் சாம்பார் குண்டானை எட்டிப் பார்த்து, "இது எத்தனை அங்குலம் ஆழம்?" என்றார். "குதிச்சுப் பாருங்க" என்றேன்.

இதற்கெல்லாம் மேடம் என்ன செய்தார்கள் தெரியுமா? சிரித்தார்கள். அவருக்கு விருந்தாளிக் கோப்பையில் காப்பி கொடுக்கச் சொன்னார்கள். அந்தக் காப்பியைப் போடுகிறவள் நான். அதுவாவது போகட்டும். அடுத்த முறை விருந்தாளிகள் வந்தபோது நான் வழக்கம்போலத் தண்ணீர்த் தட்டோடு கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். மேடம் சொன்னார்கள்: "எங்க தேங்காய் சார் வேலி இருக்கறப்ப எங்களுக்கு என்னங்க பயம்?" தட்டில் இருந்த டம்ளர்கள் தாமாகவே ஆடின.

இனித்தான் பெரிய அடி. என் தியா, என் மடியில் கிடந்த பிள்ளை, அவரைத் 'தேங்காத் தாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவர் குந்தினால் அவளும் குந்துவாள். ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பி, கட்டில் கால், என் வளையல் எல்லாவற்றிலும் நுழைகிறதா என்று பார்ப்பாள். ஒரு நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே அதட்டுகிறாள்: "ஆயா! பக்கெட்டைக் கவுத்து!" நான் சொல்லிக்கொடுத்த ஜெபம் அவளுக்குப் பாதிதான் வரும். வேலிச் சட்டம் முழுசாக வரும்.

கிறிஸ்துமஸ் வந்தது. மேடம் வீட்டில் எனக்காக ஒரு மூலையைக் கொடுத்தார்கள், வருஷா வருஷம் குடில் வைப்பேன். வைக்கோல், மண் பொம்மைகள், ஆட்டுக்குட்டி. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் இரண்டு வாத்து மிதக்க விடுவேன். அந்தத் தட்டுக் குளம்தான் என் குடிலுக்கே அழகு. காலையில் எழுந்து பார்க்கிறேன், தட்டைச் சுற்றி விளக்குமாற்றுக் குச்சிகளை நெருக்கமாக நட்டு வேலி! அதற்கு ஒரு குட்டிக் கேட்டு வேறு, ரப்பர் பேண்டு போட்டு, தானாகச் சாத்திக்கொள்கிற மாதிரி.

"இது என்னாத்துக்குங்க?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உள்ள பச்சைப் பிள்ளை இருக்குதுங்களே" என்றார், குழந்தை ஏசுவைக் காட்டி.

மேடம் வந்தார்கள். போனை எடுத்தார்கள். படம் பிடித்தார்கள். குடிலை அல்ல, வேலியை! அன்றைக்குப் பூசையில் என் ஜெபம் முழுக்க அந்த மனிதரைப் பற்றித்தான். என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள். அவருடைய மஞ்சப்பை வராந்தா ஆணியில் தொங்கியது. உள்ளே தேங்காய். ஓட்டில் நீல மையால் ஏதோ குறி. சட்னிக்குத் தேங்காய் இல்லை. தெரியாமல் உடைத்துவிட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்துதான் உடைத்தேன். ஒரே போடு.

அவர் வராந்தாவில் உட்கார்ந்து நாலு தோசை சாப்பிட்டார். மூன்று முறை சட்னி கேட்டார்.

"சட்னி பிரமாதங்கம்மா. தேங்கா எங்க வாங்கினீங்க?"

"வீட்லதாங்க இருந்துச்சு."

அவர் கை மெதுவாகப் பைக்குப் போயிற்று. தடவிப் பார்த்தது. தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தெலுங்கு வரப்போகிறது என்று நான் தயாராக நின்றேன்.

"அதான்" என்றார். "எல்லாம் அளவா இருந்துச்சு."

மறுநாள் இரண்டு தேங்காயோடு வந்தார். ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை அடுப்படி மேடையில் வைத்து, "இது உங்களுக்குங்க. இதுல கோபம் தீர்ந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாருங்கள், ஒழுங்காக ஒரு சண்டை போடக்கூடத் துப்பில்லாத மனிதர். எதிராளி திருப்பி அடிக்காவிட்டால் நாம் ஓங்கின கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்புறம் மாங்காய்க் காலம் வந்தது. தம்பி நாகரசம்பட்டித் தோப்பிலிருந்து இரண்டு மூட்டை பெங்களூரா மாங்காய் அனுப்பினான். நறுக்கி, உப்பில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்தால் வற்றல் ஒரு வருஷத்துக்கு வரும். காயவைக்கக் குளத்தைச் சுற்றியிருக்கிற கல் தரை மாதிரி இடம் கிடையாது. தோசைக்கல் மாதிரி காயும், தூசி இருக்காது. வேலி வருவதற்கு முந்தின வருஷமெல்லாம் அங்கேதான் காயவைத்தேன்.

இரண்டு கையிலும் தட்டை ஏந்திக்கொண்டு போனேன். கேட்டை எப்படி இழுப்பது? முழங்கையால் இழுத்து, இடுப்பால் தள்ளி உள்ளே நுழைவதற்குள் அது வந்து என்னை மோதியது. ஒரு தட்டு மாங்காய் தரையில். மூன்று தட்டு இன்னும் பாக்கி. எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு பழைய புடவையைக் கிழித்து, அந்தத் துண்டால் கேட்டை இழுத்துக் கம்பியோடு கட்டிவிட்டேன். இப்போது சாத்து பார்க்கலாம் என்று கேட்டைப் பார்த்துச் சொல்லவும் செய்தேன்.

தியா கூடத்தில் பொம்மை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பத்து அடி தூரத்தில்தானே இருக்கிறேன்? என் கண் இருக்கிறதே?

மண்டியிட்டு மாங்காயைப் பரப்பிக்கொண்டிருந்தேன். 'சளக்' என்று ஒரு சின்னச் சத்தம். பிள்ளை குளத்தில் இறங்கினால் பெரிய சத்தம் வரும் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வராது. ஒரு டம்ளரைக் கழுவுகிற சத்தம்தான் வரும்.

திரும்பினேன். தியா குளத்தின் முதல் படியில் நிற்கிறாள். இடுப்பு வரை தண்ணீர். கையில் ஒரு மாங்காய்த் துண்டு, என் தட்டிலிருந்து எடுத்தது. என் முதுகுக்குப் பின்னால் வந்து, எடுத்துக்கொண்டு, என்னைக் கடந்து போயிருக்கிறாள்.

"உப்பு ஆயா. கழுவறேன்" என்று சொல்லி, அடுத்த படிக்குக் கால் எடுத்தாள்.

எப்படிப் பாய்ந்தேன், எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. என் கண் அங்கேதான் இருந்தது. அது மாங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளைக்குத் துணி மாற்றி, கட்டிலில் உட்காரவைத்து, பின்கதவைத் தாழிட்டுவிட்டு, கேட்டை அவிழ்க்க ஓடி வந்தேன். கேட்டருகில் தேங்காய் சார் நிற்கிறார். கல் தரையில், மாங்காயிலிருந்து சொட்டின உப்புத் தண்ணீரை மிதித்துக் குளத்துப் படி வரைக்கும் போன சின்னப் பாதங்கள். பக்கத்தில் என்னுடைய பெரிய பாதங்கள். அவர் அதைப் பார்த்தார். புடவைத் துண்டைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்தார். துணியை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். கேட்டு 'டக்'கென்று சாத்திக்கொண்டது. போய்விட்டார்.

பொழுது சாய மேடம் வந்தார்கள். செருப்பைக் கழற்றுவதற்குள் தியா ஓடிப்போய், "அம்மா, நான் குளத்துல நின்னேன்" என்றாள்.

மேடம் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்றோ! இந்த வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும். இந்தப் பிள்ளை கிடைக்குமா? அதுதான் ஓடியது மனசில். அதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"மேடம், கேட்டு ஸ்பிரிங் தளர்ந்து போச்சுங்க. சரியா சாத்தலை. நான் காலையிலயே பாத்திருக்கணும். என் தப்புதாங்க."

மேடத்துக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "உங்களை நம்பித்தானே சார் நான் ஆபீசுக்குப் போறேன்? தினமும் அளந்தீங்களே, என்னத்தை அளந்தீங்க? நாளைக்கே வேற ஆளைப் போடச் சொல்றேன்." அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் அடுத்தவர் தப்புக்கு விசில் ஊதினவர். செய்யாத தப்புக்குத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்.

நான் அடுப்படிக்குள் போய் ரசத்தைக் கலக்கினேன். என் வேண்டுதல் பலித்துவிட்டது, நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வயிறு எரிந்தது. வேலியில் முந்தினார், காப்பியில் முந்தினார், பிள்ளையிடத்தில் முந்தினார். இப்போது பெரிய மனசிலும் இந்த ஆளே முந்துவதா? அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு நான் எதற்கு இருக்கிறேன்?

அடுப்பை அணைத்தேன். கூடத்துக்கு வந்தேன்.

"மேடம், ஸ்பிரிங்குக்கு ஒரு கேடும் இல்ல. கேட்டைக் கட்டி வச்சது நான். இந்தாங்க துணி. மாங்கா காயவைக்கப் போனேன். பிள்ளை என் முதுகுக்குப் பின்னால போயிட்டா."

மேடம் துணியை வாங்கி விரித்துப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள், "எவ்வளவு தண்ணியில நின்னா?"

"மொதப் படி. இடுப்பு வரைக்கும்." கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மேடம் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார்கள். அப்புறம் அவரைப் பார்த்து, "நீங்க ஏன் சார் பொய் சொன்னீங்க?" என்றார்கள்.

"பொய் இல்லீங்க மேடம். ரெண்டு கையிலயும் தட்டு வச்சிருக்கிறவங்க அந்தக் கேட்டை எப்படித் திறப்பாங்கன்னு நான் யோசிக்கவே இல்ல. கட்டி வைக்கத் தோணற மாதிரி வேலி போட்டா, அது போட்டவன் தப்பு." என் பக்கம் கையைக் காட்டினார். "அவங்களை அனுப்பிடாதீங்க. வேலியும் வேணும், அவங்களும் வேணும். ரெண்டுல ஒண்ணு போதும்னு நான் நெனச்சேன். அவங்களும் நெனச்சாங்க. அதான் வினை."

இரண்டு நாள் மேடம் என்னோடு பேசவில்லை. பிள்ளைக்கு அவர்களே ஊட்டினார்கள், லீவு போட்டுவிட்டு. மூன்றாம் நாள் காலையில் தியாவைக் கொண்டுவந்து என் இடுப்பில் வைத்துவிட்டு, "நான் கிளம்பறேன் ஆரோக்கியம்மா" என்றார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

அன்று மத்தியானம் தேங்காய் சார் வந்தார். என்னை நிற்கச் சொல்லி என் இடுப்பு உயரத்தை அளந்தார். தட்டை அளந்தார். மாலையில் வெல்டிங்காரர் ஓர் இரும்பு மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே கொசுவலை போட்ட மூடி. மாங்காய் காயவைக்க. வீட்டுப் பக்கவாட்டு முற்றத்தில், நாள் முழுக்க வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, வேலியிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டார். குனிய வேண்டாம், மண்டியிட வேண்டாம், நின்றபடி பரப்பலாம், நின்றபடி பிள்ளையையும் பார்க்கலாம். "உசரம் சரியா இருக்குதுங்களா?" என்றார். சரியாகத்தான் இருந்தது. "ஏதோ இருக்குது" என்றேன்.

இந்த வருஷம் அவரைப் பாகலூர் ரோட்டில் இன்னொரு லே-அவுட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஆறு வீட்டில் குளமாம். அங்கே சமையல் செய்கிறவள் பாரூர்க்காரி, எங்கள் கோவிலுக்குத்தான் பூசைக்கு வருவாள். வந்தால், "எங்க தேங்காய் சார் இப்படிச் செஞ்சார், எங்க தேங்காய் சார் அப்படிச் சொன்னார்" என்று ஒரே பீற்றல். எங்க என்கிறாள்! வந்து மூன்று மாசம் ஆகவில்லை, அதற்குள் எங்க!

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அவளை வழிமறித்தேன்.

"ஏம்மா, அவருக்குப் புளி ஜாஸ்தி போடாத, நெஞ்சு எரியும். மோர் குடுத்தா ஒரு கல்லு உப்பு போதும். காலையில முட்டி வலிக்கும், ஆனா கேட்டா இல்லைன்னுவாரு. குந்தி எந்திரிக்கறப்ப பக்கத்துல பிடிமானத்துக்கு எதாச்சும் இருக்குதான்னு பாத்துக்க."

அவள் வாயைப் பிளந்தாள். "இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்கக்கா தெரியும்?"

"ஒரு வருஷம் அந்த மனுசனைப் பிடிக்காம பாத்துக்கிட்டே இருந்தேன்டி. பின்ன தெரியாதா?"